ஓரிரவு ஆறவிட்ட தண்ணீர்

கச்சான் காற்று தொடங்கிய கிழமை
தோல்முட்டைகள் விழத் தொடங்கின.
விரல் பட்டால் குழிந்தன,
காய்ச்சிய பாலின் ஆடைபோல.
லாபீர் நானா கடையில்
இரண்டு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக்
காதுக்குக் கிட்டப் பிடிப்பார்.
"சத்தம் காணாது, தங்கச்சி."
அவ்வளவுதான். முப்பதுக்கு ஆறு கழிவு.

பாலையூற்றில் என் கூடு:
கிடுகு, தகரம், கிழிந்த மீன்வலை,
இருநூற்றி முப்பது பெட்டைகள்.
பாதி சங்கக் கடன்,
மீதி அடகில் இருக்கும் என் காதுத்தோடு.
வெயிலுக்கு வாயைப் பிளந்து
சிறகை உடம்பில் முட்டாமல் தள்ளிப் பிடித்து நின்றன.
தின்னவில்லை. குடித்தன.
குடித்தது குடித்தபடியே பின்னால் போனது.

முதல் பிழை என்னுடையது.
யாரும் எழுதித் தராத மஞ்சள் மருந்து, ஐந்து நாள்.
கழிச்சல் நின்றது.
ஆறாம் நாள் திரும்பி வந்தது,
ஆட்களையும் கூட்டிக்கொண்டு.

மிருக வைத்தியர் பர்ஹானா
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
செத்த ஒன்றை வெட்டிக் குடலை விரித்தார்.
"கெட்டதைக் கொல்லப் போய் நல்லதையும் கொன்றாச்சு.
இது இப்ப வெறுங்காணி.
முந்தி வாறவன் வேலி போடுவான்."
பிறகு ஒரு வெள்ளைப் பொதியை என் கையில் வைத்தார்.
"இதுக்குள்ள இருக்கிறது உயிர்.
நல்ல கிருமியைக் குடலில் குடியேற்ற வேணும்."

குடியேற்றம்.
இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லை
யாரும் சும்மா சொல்வதில்லை.
வாயை விட்டுப் போன பிறகுதான்
அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும்.
இருவரும் நிலத்தைப் பார்த்தோம்.
அவர் மூதூர்; இரவோடிரவாக நடந்த வீட்டுப் பிள்ளை.
நான் இரண்டு முகாம் கடந்தவள்.
நடுவில் கோழி, குடல் விரிந்தபடி.
முதலில் சிரித்தது யாரென்று
இப்போது நினைவில்லை.

பதினாறு நாள் கரைத்து ஊற்றினேன்.
கொப்பியில் நூற்றி நாற்பது. நூற்றி முப்பத்தெட்டு.
நூற்றி நாற்பத்தொன்று.
பொதிக்குக் கொடுத்த காசில்
ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாமே என்று
இவர் கேட்காமல் கேட்டார்.

பதினேழாம் நாள் மகன்
குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டுத் துப்பினான்:
"சீ, இண்டைக்கு மருந்து கூட."

வாளி கையில் இருக்க, நின்றேன்.
எங்கள் வயிற்றைக் காக்கக் கலந்த குளோரின்
என் வாளிக்குள் கோடிக்கணக்கில் வந்தவர்களை
வாசலிலேயே முடித்திருக்கிறது.
பதினாறு விடியல்,
பிணங்களைக் கரைத்து
ஊற்றியிருக்கிறேன்.

கிணறு இந்த மாதங்களில் உவர்.
ஆகவே இரவே வாளிகளை நிரப்பித் திறந்து வைக்கிறேன்.
நுளம்பு விழாமல் மேலே பழைய சாரத்துணி.
உள்ளே இருக்கிற காரத்தைக்
காற்று தன்பாட்டில் எடுத்துப் போகட்டும்.
விடிய முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து,
பிறகுதான் பொடி;
தயிருக்கு உறை விடுகிற அதே பதனம்.
வெயில் ஏறுமுன் குடித்து முடிக்க வேணும்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு கிழமைக்குப் பிறகு எச்சம் இறுகியது,
உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்டு.
குந்தியிருந்து அதைப் பார்த்து மகிழ்கிறவளைத்
தெருவால் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
சிப்பித்தூள் முந்தியும்தான் கொட்டினேன்.
இப்போதுதான் அது ஓட்டுக்குப் போகிறது.

நூற்றி எழுபத்திரண்டு.
அதற்கு மேல் ஏறவில்லை;
ஏறுமென்று பர்ஹானாவும் சொல்லவில்லை.
மூலையில் நிற்கிற கழுத்துமயிர் உதிர்ந்தது
இன்னும் தோல்முட்டைதான் இடுகிறது.
தோடு அடகில்தான்.

இன்று லாபீர் நானா
இரண்டு முட்டையை எடுத்துத் தட்டினார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
தட்டின் அடியிலிருந்து வேறு சோடி எடுத்து
மறுபடி தட்டினார்.