வரத்துக்கால்

கோப்பு இல்லை என்கிறது சர்வர்.
போய்ப் பார்க்கிறேன், இருக்கிறது.
நாள், அளவு, உரிமை எல்லாம் சரியாக
ஞாயிறு இரவு பதினொன்றே முக்காலுக்கு
என் கண்ணெதிரே இருக்கிறது.
மறுபடி ஏற்றுகிறேன்.
இல்லை என்கிறது.

தல்லாகுளம். மூன்றாம் மாடி.
ஏசியை ஆறு மணிக்கே அணைத்துவிட்டார்கள்.
யூபிஎஸ் மட்டும் நிமிஷத்துக்கொரு விக்கல்.
கீழே அழகர்கோவில் ரோட்டில் கடைசி டவுன் பஸ்
யாரையோ திட்டிவிட்டுப் போகிறது.

விடிந்தால் திங்கள், மனு நாள்.
பூலாங்கண்மாய்க்காரர்கள் வருவார்கள்.
மூன்று திங்களாக வருகிறார்கள்.
"கம்மா இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீக.
பெறகு தண்ணி ஏன் வரல?"
பதிலுக்கு ஒரு வரைபடம் வேண்டும்,
வரைபடத்துக்கு டேட்டாபேஸ்,
டேட்டாபேஸுக்கு நிலத்தின் வடிவம் தெரிந்த
இந்த எக்ஸ்டென்ஷன்.

சனிக்கிழமை யாரோ அப்டேட் போட்டிருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ,
நான்தான்.

ஒரு மணிக்குத்தான் புத்தி வந்தது,
அது யாரையெல்லாம் கேட்கிறது என்று பார்க்க.
ஒரே கட்டளை, முப்பத்தெட்டு வரி,
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போல
உறவுக்காரப் பட்டியல்.
ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அம்பு,
அம்பின் முனையில் விலாசம்.
இருபத்தாறாம் வரியில் அம்பு இருக்கிறது.
முனையில்,
காணோம்.

உருண்டைப் பூமியைத் தாளில் தட்டையாக விரிக்கும்
சின்ன நூலகம் அது.
கேட்பது பதினைந்தாம் எண்.
இங்கே இருப்பது இருபத்தைந்து.
பழையதை யாருக்கும் வேண்டாததென்று
துடைத்துவிட்டுப் போயிருக்கிறது அப்டேட்.

முதல் வரியிலேயே அதன் பெயரைச் சொல்லியிருக்கிறது சர்வர்.
ஜன்னலைக் குறுக்கி வைத்திருந்தேன்,
வலப்பக்கம் வரி வெட்டுப்பட்டுவிட்டது.
'இல்லை' மட்டும் என் பக்கம் விழுந்தது.

தேனியிலிருந்து ஜெயக்கொடி, போனில், கொட்டாவியோடு:
"இருபத்தஞ்சுக்கே பதினஞ்சுன்னு பேர ஒட்டிவிடுங்கக்கா. ஓடும்."
ஓடும்.
போன வருஷம் ஓடியது.
அட்சமும் தீர்க்கமும் இடம் மாறி
மாடக்குளம் கண்மாய்
வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் மிதந்தது.
எட்டு நாள் ஒருத்தரும் கவனிக்கவில்லை.
அங்கயாவது தண்ணி கெடந்துச்சுல்ல
என்றார் சர்வேயர் ஒச்சப்பன்.

ரெக்கார்டு ரூமில், மனுக்கட்டுகளுக்கு அடியில்
தலைமுழுகிய பழைய சர்வர்.
கட்டுகளை இறக்கினேன். பூலாங்கண்மாய் என்று
மூன்று கட்டு, மூன்று கலர் நாடா.
வயரைச் சொருகியதும்
புழுதியைத் துப்பிவிட்டு எழுந்தது.
பதினைந்தாம் எண் உள்ளே பத்திரமாக.
எடுத்துவந்தால் அதற்கும் ஒன்று வேண்டுமாம்.
அந்த ஒன்றுக்கும் ஒன்று.
ஒன்றன் மறுகால் விழுந்து இன்னொன்று நிறைவது போல
மூன்று நடை நடந்தேன்.

இரண்டு பத்துக்கு ஏறிவிட்டது.
இவ்வளவு நேரம் முரண்டு பிடித்ததன் அடையாளமே இல்லாமல்
சும்மா ஒரு வரி.

கேட்டேன்: வரத்துக்கால் கண்மாயைத் தொடுகிறதா?
ஒற்றை எழுத்தில் பதில்.
தொடவில்லை.
எவ்வளவு இடைவெளி?
நாற்பத்தொரு மீட்டர்.
அந்த நாற்பத்தொன்றில் என்ன இருக்கிறது?

திருமண மஹாலின் கார் நிறுத்தம்.
அனுமதி எண்ணோடு, தேதியோடு.
கொடுத்தது இந்தக் கட்டடம்தான்,
இரண்டாம் மாடி.

பிரிண்டரில் தாளை
அகலவாக்கில் திருப்பி வைத்தேன்.
ஓரத்தில் எதுவும்
வெட்டுப்படக் கூடாது.