பதினொரு வேகத்தடை

கானாடுகாத்தான் வீட்டு ஓட்டலில்
ஆறாம் அறை நோரா
கைப்பேசியில் படம் காட்டினாள்.
வட்டத் தட்டில் செம்மண் நிறத்தில் ஏதோ.
‘பை’ என்றாள்.
எந்தப் பை, மஞ்சப்பையா என்றேன்.
மேனேஜர் நாச்சியப்பன் சிரித்து முடித்துச் சொன்னார்:
பரங்கிக்காய், ராக்கு.
வியாழக்கிழமை ராத்திரிக்கு.
அவங்க ஊர்ப் பண்டிகை, நன்றி சொல்ற நாள்.

பரங்கிக்காய் எனக்குத் தெரியும்.
புளிக்கறி வைப்பேன், பால் விட்டுக் கூட்டு வைப்பேன்.
வேகவைத்துக் கூழாக்கி மாவுக்கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டு
துண்டு போட்டுத் தின்பார்களென்று
யார் கண்டது.

நாலேகால் கிலோ.
ஒரு பக்கம் மண்ணில் கிடந்து வெளுத்திருந்தது.
அரிவாள்மனை முனகியது.
பரங்கின்னா வெள்ளைக்காரன்தானே,
காயும் கப்பல்ல வந்ததுதானாம்
என்றான் என் மகன் வீரபாண்டி.
இருக்கும்.
எங்கள் குப்பைமேட்டில் யாரையும் கேட்காமல்
கொடியோடுகிறதே, அது எந்தக் கப்பல்?

பட்டை, கிராம்பு, சுக்கு, சாதிக்காய்.
நாச்சியப்பன் சீட்டை வாசிக்க வாசிக்க
எனக்குச் சிரிப்பு தாளவில்லை.
கோழிக்குப் போடுகிற சாமான்.
இத்தனை கடல் தாண்டி வந்து
என் அஞ்சறைப் பெட்டியைத்தான் கேட்கிறாள்.

முட்டைதான் சிக்கல்.
கார்த்திகை பிறந்து பத்து நாள்,
முதலாளி மாலை போட்டிருக்கிறார்.
அடுப்படிக்குள் முட்டை ஏறாது.
ஒரு கிண்ணம் கூழை மூடி உள்ளே வைத்துவிட்டு
மீதியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்
துவைகல்மேல் வைத்து
நாலு முட்டையை அடித்து ஊற்றினேன்.
இரண்டு காக்கைகள்
என்னைவிடக் கவனமாகப் பார்த்தன.

ஓவன் இருந்தது காரைக்குடியில்,
ஜமால் பேக்கரியில்.
வீரபாண்டி ஸ்கூட்டியை ஓட்ட
தட்டை மடியில் ஏந்திப் பின்னால் உட்கார்ந்தேன்.
பதினொரு வேகத்தடை. எண்ணினேன்.
ஒவ்வொன்றுக்கும் பரங்கிக்காய்
கரையேறப் பார்த்துத் திரும்ப இறங்கியது.
பள்ளத்தூர் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது.
சேலைக்கு ஒரு கரண்டி.

பப்ஸ் இறங்கட்டும்கா, என்றான் ஜமால்.
பிறகு மோந்து பார்த்து,
இதென்ன, பிரியாணி அல்வாவா?
முக்கால் மணி நேரம்
கடைக்கு வந்தவர்களெல்லாம் மூக்கைத் தூக்கி
கறி பப்ஸ் இருக்கா என்று கேட்டார்கள்.
அவன் இல்லை இல்லை என்று ஓய்ந்தான்.

வெந்து வந்தபோது நடுவில் ஒரு வெடிப்பு,
சித்திரையில் ஊருணி விடுவதுபோல.
அதன்மேல் முந்திரி வைத்து மறைத்தேன்.

ராத்திரி ஆறு தட்டு போடச் சொன்னாள் நோரா.
விருந்தாளிகள் யாரென்று பார்த்தால்
நாங்கள்தான்.
வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று
கடைசிவரை முடிவு செய்யவில்லை.
மென்றோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நல்லாருக்கு, என்றார் வாட்ச்மேன்,
ஒரு ஊறுகாய் இருந்தா.

ஆளுக்கொரு நன்றி சொல்லணுமாம்.
வாட்ச்மேன் மழைக்குச் சொன்னார்.
ரூம் பையன் போன மாதச் சம்பளத்துக்கு,
நாச்சியப்பனைப் பார்க்காமல்.
நாச்சியப்பன் இங்கிலீஷில் நீளமாக ஏதோ.
என் முறை வந்தது.
பன்னிரண்டாவது வேகத்தடை இல்லாததற்கு,
என்றேன்.
அதை அவர் எப்படி எடுத்துச் சொன்னாரோ,
நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு
என் கையைப் பிடித்தாள்.
நானும் விடவில்லை.
என்ன சொன்னீர்கள் என்று
இன்றுவரை அவரிடம் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை
முட்டை படாத அந்தக் கிண்ணத்தை எடுத்து
பச்சரிசி மாவு கூட்டிப் பணியாரம் ஊற்றினேன்.
கிராம்பு தூக்கலா இருக்கே என்றார் முதலாளி.
ஏழு தின்றார்.