வழிப்பறி

நாரின் சந்தையில் நான் விற்ற ஹீட்டர் போலி என்று
ஜமிர்பெக் என் காலரைப் பிடித்தபோது
குளிர் மைனஸ் இருபத்தாறு.
"ஆயிரத்து நூறு வாட் என்று போட்டிருக்கிறது.
என் பிள்ளை வீட்டுக்குள் தொப்பியோடு தூங்குகிறான்."

போட்டது நானில்லை, தொழிற்சாலை.
ஆனாலும் ஊருக்கு இளைத்தவன் கடைக்காரன்தானே.
அவன் வண்டியிலேயே ஏறினேன்.
பின்சீட்டில் மின்வாரியத்துப் புருல்சா,
மடியில் மல்டிமீட்டர்,
விரல்நுனி வெட்டிய கையுறை.
டிரான்ஸ்ஃபார்மர் அருகே மட்டும் இறங்கி
எதையோ அளந்துவிட்டு வந்தாள்.
மற்றபடி யாரும் பேசவில்லை.
ஒருதரம் டயர் வழுக்கியதும்
மூவரும் சேர்ந்து அல்லாவைக் கூப்பிட்டோம், அவ்வளவுதான்.

ஆற்றின் கடைசி வளைவில் பத்து வீடு.
பத்துக்கும் சேர்த்து ஒரே இணைக்கம்பி,
எண்ணூறு மீட்டர்.

என் ஹீட்டர் செங்கல் நிறத்தில்
வேண்டாவெறுப்பாக எரிந்துகொண்டிருந்தது.
இரண்டு ஊசிகளை வைத்தாள்:
நூற்று அறுபத்தைந்து வோல்ட்.
கிடுக்கியால் ஒயரைக் கவ்வினாள்:
மூன்றே முக்கால் ஆம்பியர்.
சிகரெட் அட்டையின் முதுகில் வகுத்தாள்.
நாற்பத்து நான்கு ஓம்.

பிறகு பெட்டியின் அடியில் அச்சடித்ததை
டார்ச் அடித்துப் படித்தாள்:
இருநூற்று இருபது வோல்ட், ஐந்து ஆம்பியர்.
அதையும் வகுத்தாள்.
நாற்பத்து நான்கு.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.
பிறந்ததிலிருந்து எந்த வகுத்தல் கணக்கும்
எனக்காகச் சாட்சி சொன்னதில்லை.

"தடை அப்படியேதான் இருக்கிறது.
வந்து சேர்கிற அழுத்தம்தான் குறைவு" என்றாள்.
இப்போது பெருக்கினாள்:
அறுநூற்றுப் பத்தொன்பது வாட்.
"வோல்ட் இறங்கினால் ஓட்டமும் கூடவே இறங்கும்.
இரண்டு குறையும் பெருக்கலில் சந்திக்கும்.
கால்பங்கு போனதற்குப் பாதிச் சூடு போயிற்று, கிட்டத்தட்ட."

"மீதியை யார் எடுத்தது?"
ஜமிர்பெக் கேட்டது அவளை.
பார்த்தது பக்கத்து வீட்டுச் சுவரை.

அவள் பதில் சொல்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்
முதல் வீட்டுக் கம்பத்தில் ஏறினாள்.
மேலிருந்து கத்தினாள்: நாற்பது ஆம்பியர்!
அங்கே புறப்பட்டது இருநூற்று இருபது.
இங்கே வந்தது நூற்று அறுபத்தைந்து.
நடுவழியில் பறிபோனது ஐம்பத்தைந்து.
நாற்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்து இருநூறு.
பெட்டியில் போட்டிருக்கிறபடியே இரண்டு ஹீட்டர்,
இரவு முழுக்க,
ஆளில்லாத வெளியில்.

நிமிர்ந்து பார்த்தேன்.
கம்பியின்மேல் பனி கலையாமல் உட்கார்ந்திருந்தது.
போகவர ஆயிரத்து அறுநூறு மீட்டர்;
மீட்டருக்கு ஒன்றரை வாட்கூட இல்லை.
ஒரு காக்கையின் காலுக்கும் உதவாதபடி
பிரித்துப் பிரித்துத் தின்றிருக்கிறது.
பாவம் அங்கே, பழி என் கழுத்தில்.

"இதை அணைத்துப் பாருங்கள்."
ஜமிர்பெக் சுவிட்சைத் தட்டினான்.
மீட்டர் மெல்ல ஏறி
நூற்று அறுபத்தொன்பதில் நின்றது.
"அந்த நாலு வோல்ட்?"
"மற்ற ஒன்பது வீட்டுக்கும். ஆளுக்கு முப்பது வாட் கூடுதல்."
"முப்பது வாட்டில் என்ன ஆகும்?"
அவள் தோளைக் குலுக்கினாள்.

அவன் உடனே போட்டுவிடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.
தேநீர் ஆறும்வரை,
குர்த் உருண்டை ஒன்று வாயில் கரையும்வரை,
அந்த இருண்ட சுருளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.
அதற்குள் எண் நடுங்கியது.
நூற்று அறுபத்தைந்து.
எங்கோ ஒரு வீட்டில்
பல்பு பிரகாசமானதைக் கண்டு
இன்னொன்றைச் சொருகிவிட்டார்கள்.

ஜமிர்பெக்கும் சுவிட்சைப் போட்டான்.
நூற்று அறுபத்தொன்று.

புருல்சா அறிக்கை எழுதினாள்:
ஹீட்டரில் பழுதில்லை. கம்பியைத் தடிமனாக்கவும்.
இரண்டாவது வரி மூன்றாம் வருடமாக அதே வரி என்றாள்,
பேனாவை வாயில் வைத்துச் சூடாக்கியபடி.

வண்டியேறும்போது ஜமிர்பெக் என் காதோரம் வந்தான்.
காலரை அவனே நீவிவிட்டான்.
"இன்னொன்று எடுத்தால் என்ன விலைக்குத் தருவாய்?"

விலை எனக்குத் தெரியும்.
காலைவரை அது மட்டும்தான் தெரிந்திருந்தது.
கையுறையைத் தேடுகிறவன்போல
பைக்குள் கைவிட்டு நின்றேன்.