ஏழாவது கட்டம்

பள்ளிப்பட்டுக்கு அப்பால், நகரிக்கு இப்பால்,
கரும்புக்கொல்லை நடுவே தகர ஷெட்டு.
ஆறு தறி. ஒட்டினாற்போல் ஓர் அறை, அடுப்பு, கட்டில்.
'இதுதான் வீடா?' என்று கேட்டேன்.
ரெட்டெம்மா காதைத் தொட்டுக் கையை விரித்தாள்:
கேட்கவில்லை.

ஏழாவது கட்டம்: வீட்டில் பேசும் மொழி.
ஒன்றுதான் எழுத வேண்டும்,
பயிற்சி வகுப்பில் அழுத்திச் சொன்னார்கள்.
தமிழில் கத்தினேன்.
பழகிய அரைத் தெலுங்கில் கத்தினேன்.
இரண்டையும் தின்றுவிட்டு
டடக் டடக் என்றது தறி.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் மூன்று விரலைத் தூக்கினாள்;
கோடியில் முனிரத்தினம் மூன்றாம் தறியை நிறுத்தி
அறுந்த இழையை முடிந்தான்.
அவன் தொண்டையைத் தடவினான்; சொம்பு போயிற்று.
உள்ளங்கையை வயிற்றில் வைத்து, என் பக்கம் பாராமல்,
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
அவன் தலையாட்டினான்.
எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போயிற்று.
சட்டென்று ஒரு காகம் இருந்தது. ஆட்டுக்குட்டி இருந்தது.
'இப்புடு செப்பம்மா' என்றாள் ரெட்டெம்மா,
இன்னும் கத்திக்கொண்டே.

நூலை எண்ணுவது தெலுங்கில்.
கடன் தமிழில், முதலாளி சோளிங்கர்க்காரர்.
சண்டை தமிழில் தொடங்கும்,
எதில் முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரியுமாம்.
'மத்தபடி, வீட்ல பேசிக்கிறது?'
'பேச்சா? அது கரண்ட் போனாத்தான்.'

எட்டாவது கட்டம்: ஆங்கிலம்.
பீம், பியூஸ், மோட்டார், லோடு, டியூ, ஓடிபி.
இதெல்லாம் கணக்கில் வராது.
தெரியாதவருக்கு 'நில்' போடு என்பது உத்தரவு.
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம்.
'நில்' என்றேன்.
முனிரத்தினம் எழுந்து நின்றான்.
தமிழிலும் அதுதான் அர்த்தம்,
அவன் அம்மா வழித் தெலுங்கிலும் அதுதான்.
தப்பு அவனுடையதல்ல.
'ஐயோ, உக்காருங்க' என்பதற்குள்
எனக்கு முகம் சுட்டுவிட்டது.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை.
எட்டாவது படிக்கும் லாவண்யா
என் தோளுக்கு மேலிருந்து எழுத்துக்கூட்டினாள்:
'மிஸ், வில்லேஜ்ல ஒரு எல் விட்டுட்டீங்க.'
நிஜந்தான்.
அதிகாரி அனுப்பும் ஆங்கிலச் செய்தியை
மூன்று தடவை படிக்கிறவள் நான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு எழுத்துக்கு நடுவே இடமில்லாத இடத்தில்
எல்லைச் செருகினேன். கோணலாக விழுந்தது.

அப்போது தட்டு வந்தது. சோறு, சாறு,
ஓரத்தில் வேர்க்கடலைத் துவையல்.
ஆக, அந்தப் புருவம் எனக்காகத்தான்.

கை கழுவும்போதே கரண்ட் வந்துவிட்டது.
ஏழாவது கட்டம் வெறுமையாகவே இருந்தது.
வாசலில் திரும்பிப் பார்த்தேன்.
ரெட்டெம்மா தறிக்கு அப்புறமிருந்து
நான்கு விரலை மடக்கி மடக்கி விரித்தாள்.
போய் வா என்பதாக இருக்கலாம்.
எழுதிட்டியா என்பதாகவும் இருக்கலாம்.

நான் காதைத் தொட்டுக்
கையை விரித்தேன்.