பதினேழு மதகுகள்

கிளிநொச்சி ஆசுபத்திரி வாசலிலிருந்து
அக்கராயனில் எங்கள் படலை வரை
பதினேழு மதகு.
எண்ணியவள் தர்மினி.
நைற் டியூட்டி முடிந்து ஏறியதும்
கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவாள்.
ஒன்பது. பத்து.
அம்மாடி, பதினொன்று.

"இது கார் இல்லையப்பா,
நாலு சில்லு வைச்ச உரல்."

எண்பத்தொன்பதாம் ஆண்டு மஸ்டா.
துணிக்கூரை, இரண்டே இருக்கை,
இமை திறப்பதுபோல் எழும்பும் முன்விளக்கு.
வெள்ளவத்தைப் பெடியன் ஒருவன்
பதிவாய்த் தெரியவேண்டுமென்று
ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அரிந்தெறிந்து
கொஞ்சநாள் ஓடி, அலுத்து, எனக்கு விற்றான்.
காலி வீதியில் மாடு படுப்பதில்லை.
பாதி றோட்டில் நெல் காய்வதில்லை.
அவனுக்கு அது சரிதான்.

நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில் குலாஸின் கராஜ்.
இருபத்தாறு வயது, காதில் பென்சில்.
"என்ன வேணும் அண்ணை, வேகமோ, வடிவோ?"
நித்திரை என்றேன்.
சிரிக்கவில்லை. குனிந்து ரோச் அடித்தான்.

பின் ஷொக் இரண்டும் எண்ணெய் கக்கி
புழுதி அப்பிக் கிடந்தன.
அமுக்கினால் போனது போனதுதான்,
திரும்பி வர மனமில்லை அவற்றுக்கு.
றபர் புஷ்ஷை ஆணியால் கீறினான், பொரிந்து கொட்டியது.
முப்பது வருஷத்துக்கு மேல்
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருந்து
அதுவும் இரும்பாகிவிட்டிருந்தது.

பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தரம் பஸ் ஏறினேன்.
வெட்டாத ஸ்பிரிங் நாலு,
அரிசிப் பையில் சுற்றிக் காலடியில்.
"றபர் ஏன்? பிளாஸ்ரிக் புஷ் போடுங்க,
ஆயுசுக்கும் கிடக்கும்" என்றான் கடைக்காரன்.
போனுக்குள் குலாஸ் கத்தினான்:
"வேண்டாம் அண்ணை! றபரே வாங்கும்.
ஆயுசுக்கும் கிடக்கிற சாமான்
ஆக்களைத்தான் குலுக்கும்."

எல்லாம் பூட்டியாயிற்று.
கடைசி நட்டுக்கு நான் சாவி போட
கையைப் பிடித்தான்.
"அந்தரத்தில தொங்கேக்கை இறுக்காதேங்கோ.
றபர் முறுகிப்போம், ஆறு மாதத்தில கிழியும்.
இறக்குவம். சில்லு நிலத்தில படட்டும்.
நீங்கள் ஏறி இருங்கோ.
அக்காவின்ரை பாரத்துக்கு என்ன வைப்பம்?"

நாட்டரிசி மூட்டை ஒன்று, ஐம்பது கிலோ.
தர்மினி ஐம்பத்தெட்டு.
மிச்சம் எட்டுக்கு ஒரு செத்த பற்றரி.
மூட்டைக்குப் பக்கத்தில்
ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி
அசையாமல் நான் இருந்தேன்.
கீழே, ஒவ்வொன்றாய், இறுகும் சத்தம்.
இதை அவளுக்குச் சொல்லவில்லை.

பதினேழு அங்குல றிம்மைக் கழற்றி
பதினாலுக்கு இறங்கினோம்,
கன்னம் தடித்த ரயர், காற்று இருபத்தாறு.
சாரத்தை மடித்துக் கட்டியதுபோல்
உயர்ந்து நிற்கிறது இப்போது.
சந்திப் பெடியள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.

திங்கள் காலை, ஏழு பத்து.
சப்பாத்தைக் கழற்றிக் காலை மடக்கினாள்.
கையில் டெற்றோல் மணம்.
மூன்றாம் வாட்டில் ஒரு ஐயா விடியப்புறம் போய்விட்டார் என்றாள்.
பிறகு, பழக்கத்தில்,
ஒன்று.
இரண்டு.
மூ

அவ்வளவுதான்.
கோணாவில் கழிந்தது.
பின்பக்கம் இடது மூலையில்
சின்னதாய் ஒரு டொக் இன்னும் இருக்கிறது,
குலாஸுக்கும் பிடிபடவில்லை.
அதற்கும் அவள் எழும்பவில்லை.
கிறவல் வந்தது, மாடு வந்தது,
மழை அரித்த பத்தாவது மதகும் வந்தது.
தலை ஒரு முறை என் தோள்பக்கம் சரிந்து
தானே நிமிர்ந்துகொண்டது.

பதினேழு.
படலையில் நாய் எழும்பி வாலாட்டியது.
பிரேக்கில் வைத்த காலை எடுத்துவிட்டேன்.
கொஞ்சத்தூரம் துரத்தி வந்து
நடு றோட்டில் நின்று பார்த்தது அது.

ஸ்கந்தபுரமும் தாண்டியாயிற்று.
இருபத்தொன்று, இருபத்திரண்டு,
இப்போது எண்ணுவது நான்.
பெற்றோல் முள் சிவப்பில்.
திருப்பலாம்,
அடுத்த மதகில்.