திரும்பி உட்காரும் வேலை

சகாயம் முன்னால் பார்ப்பான்.
நான் பின்னால்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்:
கயிற்றின் அந்த முனையில் ஆள் இருக்கிறாரா
வெறும் கைப்பிடி துள்ளிக்கொண்டு வருகிறதா
என்று கத்திச் சொல்ல.

நோணாங்குப்பம் பாலத்துக்குக் கீழே
காலை ஐந்தே முக்காலுக்குச் சுண்ணாம்பாறு
தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
அந்தத் தட்டு ப்ரோஸ்பேருக்கு.
சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்.
காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை,
முகம் நேராக என்னை நோக்கி,
நாற்காலியில் உட்காரப் போய்ப்
பாதியில் மனம் மாறியவர் போல முழங்கால் மடித்து
"அலே!" என்பார்.
வேகம் வேண்டும் அவருக்கு. நாற்பத்தைந்து, ஐம்பது.
படகில் எடை கூடாது.
குடிதண்ணீர் கேனைக்கூடக் கரையில் இறக்கச் சொல்வார்.
படகு விட்டுப்போகும் வால் அலை
வீட்டு வாசலை மறித்து யாரோ கொட்டிய மணல்.
முகம் சுளித்துத்தான் அதைத் தாண்டுவார்.

அடுத்து தமயந்தி.
ஜிப்மரில் நைட் ட்யூட்டி முடித்து
கண்ணில் தூக்கத்தோடு வருவாள்.
அவளுக்கு ஒரே பலகை, அகலமானது.
இரண்டு பாதமும் அதிலேயே பூட்டு.
கூட்ட பஸ்ஸில் படிக்கட்டோரம் நிற்பதுபோல
ஒரு தோள் முன்னே, ஒரு தோள் பின்னே.
என்னை நேராகப் பார்த்ததே இல்லை.
முப்பது போதும் வேகம்.
ஆனால் எடை வேண்டும்.
மூன்று ரப்பர் பைகளில் ஆற்றையே பம்ப் பண்ணி
ஆற்றின் மேலே ஏற்றுவோம்.
படகு பின்பக்கம் அமுங்கி மூச்சு வாங்கும்,
அலை முதுகு தூக்கும்.
அவர் வைகிற அதே அலை.
அவள் வருவது அதற்காக மட்டும்.

கயிறும் அவளுக்கு உயரத்தில், கம்பத்து உச்சியில்.
அலை விளிம்பில் ஏறி அவள் எழும்பிய ஒரு கணம்
மேலே பாலத்தில் கடலூர் பஸ்,
கீழே அவள்:
ஆற்றைத் தொடாத இரண்டு.

எது கஷ்டம் என்று கேட்பார்கள்
கரையில் பாப்கார்னோடு நிற்பவர்கள்.
நான் எண்ணுவது நிற்பதை அல்ல, விழுவதை.
ஸ்கீயில் விழுந்தால் பலகைகள் கழன்றுவிடும்.
ஒன்று அரியாங்குப்பம் பக்கம், ஒன்று கடல் பக்கம்,
ஆள் நடுவில், அநாதையாக.
வேக்போர்டு கழலாது.
ஓரம் தண்ணீரில் மாட்டினால் கன்னத்தில் ஓர் அறை,
பிறகு காலோடு மிதக்கும்,
எதுவும் நடக்காததுபோல.

போன ஞாயிறு அவர் கார் மக்கர்.
அவள் முந்திக்கொண்டாள்.
அவர் வந்தபோது தட்டு நொறுங்கிக் கிடந்தது.
"பை காலியாக இருபது நிமிஷம் ஆகும் முசியே" என்றான் சகாயம்.
"வேணாம், எடு."
அந்தக் கனத்த படகின் பின்னால்,
அவளுடைய அலைக்குள்.
முதல் தடவை தாண்டினார். இரண்டாவதும்.
மூன்றாவதில் நான் கொடியைத் தூக்கினேன்.

ஒரு பலகை கிடைத்தது. இன்னொன்று இல்லை.
சுரபுன்னை வேர்களுக்குள் நால்வரும் தேடினோம்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டே தமயந்தி சொன்னாள்:
"என்னுது விடவே மாட்டேங்குது சார்.
இன்னைக்குக் காலைத் திருகிடுச்சு."
"என்னுது விட்டுட்டு ஓடிடுது" என்றார் அவர்.
எது தேவலாம் என்று ரெண்டு பேரும் சொல்லவில்லை.
பலகை சேற்றில் செருகி நின்றது,
அதன்மேல் ஒரு நண்டு குடியேறியிருந்தது.
பெட்ரோல் காசு பாதிப் பாதி.

திரும்பும்போது சகாயத்தின் கையில் முள் கீறல்.
ஓட்டியது நான்.
அவன் என் இடத்தில் உட்கார்ந்தான்.
கொஞ்ச தூரம் பேச்சே இல்லை.
பிறகு,
"ஏய், இவ்வளவு பெரிய அலையையா
நான் தினம் விட்டுக்கிட்டு இருக்கேன்?"

பதில் சொல்ல நான் திரும்பவில்லை.
எனக்கு முன்னால்
இன்னும் யாரும் கீறாத தண்ணீர்.
எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.