வேரோடு ஒரு கட்டு

ரொசாரியோவில் ஜூலை. குளிர்.
டயர்க் கடையை மூடி நாற்பத்தோரு நாள்.
சமையலறை ஜன்னலில் பதினொரு தயிர்க் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு விரல் தண்ணீர்,
தண்ணீரில் ஓர் அடிக்கட்டை.

தூக்கிப்போட இருந்தவைதான் எல்லாம்.
வெங்காயத்தாளின் வெள்ளைத் தாடி,
செலரியின் குதிகால்,
லெட்டூஸின் அடித்தண்டு,
காரட்டின் தொப்பி.
காரட் திரும்ப வராது, தழைதான் வரும் என்றேன்.
க்ரிசெல்டா நம்பவில்லை.
தினமும் தொப்பியைத் தூக்கிப் பார்க்கிறாள்.

நான் கணக்கு வைக்கிறேன்
மின்கட்டண ரசீதின் முதுகில்.
இடப்பக்கம் வெங்காயத்தாளின் உயரம்,
வலப்பக்கம் எலியோடோரோ கடையில் ஒரு கட்டின் விலை.
திங்கள்: ஒரு விரற்கடை. எழுநூறு பெசோ.
வியாழன்: இரண்டு. எண்ணூற்றைம்பது.
அடுத்த திங்கள்: நாலு. ஆயிரத்து நூறு.
வெயிலே படாமல்,
தண்ணீர்கூடக் குடிக்காமல்
விலைதான் என்னமாய் வளர்கிறது!

மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வருகிறவள்
கோட்டைக் கழற்றுமுன் கிண்ணங்களைச் சுற்றி வருகிறாள்,
வார்டில் படுக்கை படுக்கையாய்ப் போவதுபோல.
"மூணாவது நோயாளிக்கு நாத்தம் எடுக்குது."
தண்ணீர் மாற்றாத குற்றம் எனது.
செலரி அழுகிப்போயிற்று. அதையும் எழுதினேன்:
நஷ்டம், ஒன்று.
இரண்டாம் முறை வெட்டிய லெட்டூஸ் கசந்தது.
கசப்புக்குக் காசு தரவில்லையே என்று
மென்று விழுங்கினோம்.

மாத்தே குடித்த சக்கையைக் காயவைத்து
எண்ணெய் டின்னில் மண்ணோடு பிசைந்து
முளைவிட்ட பூண்டுப் பற்களை ஊன்றினேன்,
கூர்முனை மேலே.
மேல்வீட்டு ஃபெர்மின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
"மாடு எப்போ வாங்கப்போற?" என்று சிரித்தான்.
மறுவாரம் அவன் பால்கனியில் ஒரு டின்.
அதற்கடுத்த வாரம் நாலாம் மாடியில் மூன்று.

அப்புறம் வந்தது வினை.
எலியோடோரோ கடையில் வெங்காயத்தாளுக்கு வேர் இல்லை.
வழவழவென்று நறுக்கியிருந்தான்.
"வேரோட குடு."
"வேருன்னா மண்ணு. எடையில ஏமாத்துறேம்பாங்க."
"போன வாரம் யாரும் அப்படிச் சொல்லலையே?"
பதில் இல்லை. விலைப்பலகையைச் சட்டைக் கையால் துடைத்தான்.
அந்தக் கை முழங்கைவரை சாக்பீஸ்.

திருடன் என்றேன்,
படியேறும்போது, சுவரிடம்.
கட்டடமே வேருக்காக வாங்குகிறது, மோப்பம் பிடித்துவிட்டான்.
இனி வேருக்குத் தனி விலை வைப்பான்.

வெள்ளியன்று சில்லறை எடுக்க
உள்ளே போனவன் நெடுநேரம் வரவில்லை.
திரையை விலக்கினேன்.
பெட்டிமேல் பெட்டி. அதற்கு மேலே குட்டி ஜன்னல்.
ஜன்னலில்
தயிர்க் கிண்ணங்கள்.
பத்தொன்பதுவரை எண்ணுவதற்குள் என்னைப் பார்த்துவிட்டான்.

வெங்காயம் விற்கிறவனுக்கே
வெங்காயம் கட்டுப்படியாகவில்லை.

கையில் நோட்டோடு அவன்,
கையில் திரையோடு நான்.
கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்:
"அந்த ஓரத்துக் கிண்ணத்துல தண்ணி மாத்து. கெட்டுடும்."

சில்லறை போதவில்லை. குறைந்ததற்கு
நாலு வேர் கொடுத்தான், செய்தித்தாளில் சுருட்டி.
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
ரசீதை மடித்து வைத்தேன்.

ராத்திரிக்கு முட்டை இரண்டு.
தாளை ஆறு விரற்கடை கத்தரித்தேன்,
அடியில் ஒரு விரல் விட்டு.
எண்ணெய் காய்கிற நேரத்தில் க்ரிசெல்டா போய்
காரட் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.

இன்னும் இல்லை.